எட்டுத் தொட்டிகளுக்குக் காவி அடித்த கதை

நம் இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. உங்களுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. ஓசூரில் எந்தத் தொழிற்சாலைக் குடியிருப்புக்குள் போனாலும் பால்கனியில் இரண்டு ஆர்க்கிட் தொங்குகிறது, அதன் சொந்தக்காரர் உங்களைப் பிடித்து நிறுத்தி, "ஏன் சார் பூக்கல?" என்று கேட்கிறார், நீங்கள் பையைத் திறந்து ஓர் உரத்தின் பெயரைச் சொல்கிறீர்கள். அவர் வாங்கிப் போடுகிறார். செடி தழைக்கிறது. பூ வருவதில்லை. அடுத்த முறை நீங்கள் இன்னொரு உரத்தின் பெயரைச் சொல்கிறீர்கள். இப்படியே ஓய்வு பெறும் வயது வரை போய்விடலாம். நான் போனேன்.

நீங்கள் என்னிடம் எழுதித் தரச் சொன்னது ஆர்க்கிட்டையும் ஆர்க்கிட் கள்ளியையும் வீட்டில் பூக்க வைப்பது எப்படி என்பது. அது உங்கள் கையேட்டில் இருக்கிறது. படித்துப் பரீட்சையும் எழுதியிருப்பீர்கள். நானும் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான். அவ்வளவு படித்த ஒருவன், பூக்கத் தயாராக நின்ற செடிகளை எப்படிப் பூக்காமல் செய்தான், அதற்காக யாருடைய வேலை போக இருந்தது என்பதுதான் கையேட்டில் இல்லை. அதை மட்டும் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நான் ஓசூர் ஆபீசில் சேர்ந்தேன். ஓசூர் மெட்ராஸில் இருக்குமா மைசூருக்குப் போகுமா என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்த காலம். தமிழில் ஆரம்பித்த சண்டை கன்னடத்தில் வளர்ந்து தெலுங்கில் சமாதானமாகும். எனக்குக் கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியில் வாங்கிய பட்டம் ஒன்று, இரண்டு கால்சட்டை, ஒன்றரை வருட புரொபேஷன். எங்கள் அதிகாரி முதல் நாள் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் என் பெயரை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. "என்னப்பா பி.எஸ்ஸி." என்றுதான் கூப்பிடுவார்.

அதிகாரி ஏர்க்காட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். வரும்போது லாரியில் கட்டில், பீரோவோடு செடிகளும் வந்தன. பலா மரத்துண்டுகளில் நார் வைத்துக் கட்டிய ஆர்க்கிட்டுகள் சில. தொட்டியில் ஆர்க்கிட் கள்ளிகள் ஒன்பது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: இதற்கு இலை கிடையாது. தண்டே தட்டையாக, ஓரத்தில் வெட்டு வெட்டாக, இலை மாதிரி தொங்கும். பூக்காத நாட்களில் இதைவிட அவலட்சணமான செடி இல்லை. பூத்தால் காப்பித் தட்டு அகலத்துக்குச் சிவப்பாக, பட்டுத் துணி மாதிரி பளபளவென்று இருக்கும். ராத்திரி விரிந்து விடிவதற்குள் வாடிவிடும் வெள்ளை ஜாதி அல்ல இது. பகலில் பூத்து மூன்று நாள் நிற்கும். ஏர்க்காட்டில் வருடா வருடம் பூத்ததாம். ஓசூருக்கு வந்து இரண்டு வருடமாக ஒரு மொட்டு இல்லை.

"பி.எஸ்ஸி., இது உன் பொறுப்பு" என்றார் அதிகாரி. ஆபீசும் அவர் வீடும் ஒரே காம்பவுண்டு. அவர் மனைவி வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து, "ஏர்க்காட்டுல எங்க தோட்டக்காரன் படிக்காதவன்தான். இருந்தாலும் பூத்துது" என்றார். இந்த மாதிரி ஒரு வாக்கியத்தைக் கேட்டபின் எந்தப் பட்டதாரியும் சும்மா இருக்க மாட்டான்.

நான் சும்மா இருக்கவில்லை. தொட்டியைப் பெரிதாக்கினேன். மக்கிய சாணத்தைக் கலந்தேன். கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினேன். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் தண்ணீர். மரத்தில் தொற்றிக்கொண்டு, பறவை எச்சத்தையும் மழையையும் நம்பிப் பிழைத்த செடி அது. அதற்கு நான் கல்யாண விருந்து போட்டேன். மூன்றே மாதத்தில் தண்டுகள் இடுப்புயரம் வந்தன. பச்சையென்றால் அப்படி ஒரு பச்சை.

தண்ணீர் ஊற்றியது முனியம்மா. ஆபீசில் தினக்கூலிப் பட்டியலில் ஐந்து வருடமாக இருந்தவள். என் வயதுதான் இருக்கும். குந்தாரப்பள்ளிப் பக்கத்தில் பிறந்து, ஓசூரைத் தாண்டி எல்லையோரக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். எங்களிடம் தமிழ், சந்தையில் கன்னடம், கோபம் வந்தால் தெலுங்கு. செடிகள் மேல் அவளுக்குத் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. சொன்னதைச் செய்வாள், சொல்லாததைச் செய்ய மாட்டாள். நம் இலாகாவில் அதைவிடப் பெரிய தகுதி வேண்டியதில்லை.

ஒரு நாள் வாளியோடு நின்று என் சாதனையைப் பார்த்தாள்.

"கீர நல்லா வந்துகீது சாமி."

"கீரை இல்ல முனியம்மா, இது ஆர்க்கிட் கள்ளி."

"அப்ப கடைய முடியாதா?" என்றாள், சிரிக்காமல்.

அந்த ஐப்பசியில் என்னைச் சிங்காரப்பேட்டைப் பக்கம் சிறப்புப் பணிக்கு அனுப்பிவிட்டார்கள். விதை விநியோகம். தை மாதம்தான் திரும்பினேன். வந்ததும் பின்புறம் போய்ப் பார்த்தேன். சமையலறைச் சுவரோரம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், நான் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே ஒன்பது தொட்டிகளும் இருந்தன. மண் வெடித்திருந்தது. தண்டுகள் சுருங்கிச் செம்பழுப்பாக மாறியிருந்தன. ஓசூரின் மார்கழிக் குளிரில் இரண்டரை மாதம் பட்டினி.

"முனியம்மா, தண்ணியே ஊத்தலையா?"

"நீங்கதான் இல்லியே சாமி. யாரு ஊத்தச் சொன்னாங்க?"

திட்டுவதற்காக வாயைத் திறந்தவன் குனிந்து பார்த்தேன். தண்டின் ஒவ்வொரு வெட்டிலும் மிளகு அளவில் சிவப்பாக ஏதோ இருந்தது. மொட்டு. ஒன்பது தொட்டியிலும். கட்டையில் தொங்கிய ஆர்க்கிட்டுகளிலும் பூக்காம்பு நீண்டிருந்தது.

அந்தச் செடிகளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் குளிரில் கொஞ்ச நாள் காய்ந்து கிடப்பதுதான். அதாவது நான் ஊரில் இல்லாமல் இருப்பது. ஆனால் மாதாந்தர அறிக்கையில் நான் எழுதியது என்ன தெரியுமா? "முன்னர் அளிக்கப்பட்ட ஊட்டச் சிகிச்சையின் பலனாக மொட்டுகள் தோன்றியுள்ளன." அதிகாரி அதன் கீழ் "நன்று" என்று எழுதிக் கையெழுத்திட்டார். நீங்கள் எழுதும் அறிக்கைகளையும் நான் படித்திருக்கிறேன். அதனால் சிரிக்காதீர்கள்.

மொட்டுகள் சுண்டுவிரல் நீளம் வளர்ந்த சமயத்தில் செய்தி வந்தது. பங்குனியில் மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். மனைவியோடு வருகிறார். அந்த அம்மாளுக்கு ஆர்க்கிட் என்றால் உயிர். இதையும் மெட்ராஸிலிருந்து யாரோ டிரங்க் கால் போட்டுச் சொல்லியிருந்தார்கள்.

பெரியவர் வருகை என்றால் ஆபீசில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறுபது வருடத்துக்கு முன்னும் அதேதான். அசையாத பொருளுக்குச் சுண்ணாம்பு, அசையும் பொருளுக்குக் காவி. கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை வழியின் இரு பக்கமும் தொட்டிகள் உயர வாரியாக நிற்க வேண்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் காவி, விளிம்பில் வெள்ளைக் கோடு. அதில் என்ன செடி இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

அதிகாரி போர்ட்டிகோவில் நின்றுகொண்டு சொன்னார்: "பின்னாடி கெடக்கிற கள்ளியெல்லாம் முன்னாடி வரட்டும் பி.எஸ்ஸி. பூப் பக்கம் ரோட்டைப் பாத்து இருக்கட்டும்."

"சரி சார்" என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மொட்டு வைத்த ஆர்க்கிட் கள்ளியை நகர்த்தக் கூடாது. வெளிச்சம் வரும் திசையை மாற்றினால் மொட்டை உதிர்த்துவிடும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் அது பரீட்சைக்குத் தெரிந்தது. போர்ட்டிகோவில் நிற்கும் அதிகாரிக்கு எதிரில் அது தெரியவில்லை.

ஒரு வரைபடம் வேறு போட்டேன். எந்தத் தொட்டி எங்கே, எந்தப் பக்கம் பார்த்து என்று. வரும் திங்கட்கிழமை தூக்குவது என்று முனியம்மாவிடம் சொன்னேன்.

"ஒம்போதும் தூக்கணுமா? பாக்க வர்றவங்கள அங்கியே வந்து பாக்கச் சொல்லுங்க சாமி. அவங்களுக்குக் காலு இல்லியா?"

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் புதனும் வரவில்லை. அதிகாரியின் வீட்டம்மா ஒரு விதி வைத்திருந்தார்: தூரமான மாதவிலக்கு நாட்களில் வேலைக்காரிகள் காம்பவுண்டுக்குள் கால் வைக்கக் கூடாது. மூன்று நாள் போய் நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வர வேண்டும். பதிவேட்டில் அந்த மூன்று நாளும் 'வரவில்லை'.

ஆகையால் தொட்டிகளை நானும் வாட்ச்மேனும் ஜீப் டிரைவரும் தூக்கினோம். எட்டைத் தூக்கினோம். ஒன்பதாவது வரவில்லை. தொட்டி எப்போதோ விரிசல் விட்டு, வேர் சுவரின் கல்லிடுக்குக்குள் போயிருந்தது. இழுத்தால் தொட்டி கையோடு வந்துவிடும் போலிருந்தது. "கெடக்கட்டும் சார், எட்டுன்னா ரெட்டப்படையா வரும்" என்றார் டிரைவர். ஆர்க்கிட் கட்டைகளையும் கழற்றி வந்து போர்ட்டிகோ வளைவில் மாட்டினோம். காவி அடித்தேன். நானே. வெள்ளைக் கோட்டைக் கை நடுங்காமல் போட்டதற்கு அதிகாரி பாராட்டினார்.

வியாழக்கிழமை முனியம்மா வந்தாள், வாளியை எடுத்தாள், எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றினாள். சனிக்கிழமை முதல் மொட்டு மஞ்சளானது. ஞாயிறு காலையில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே பழுத்த மிளகாய் மாதிரி நாலைந்து கிடந்தன. நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒன்றும் செய்யாமல் இருந்திருக்க வேண்டும். நான் தொட்டிகளைத் திருப்பி வைத்தேன். வெயிலாக இருக்கும் என்று நிழலுக்குத் தள்ளினேன். இருட்டாக இருக்கும் என்று வெயிலுக்கு இழுத்தேன். இரண்டு வேளைத் தண்ணீரை மூன்றாக்கினேன். புதன்கிழமை எட்டுத் தொட்டியிலும் மொட்டு இல்லை. வளைவில் ஆர்க்கிட் காம்புகள் நுனி கருகித் தொங்கின. பெரியவர் வர இன்னும் ஒரு வாரம் இருந்தது.

நெருக்கடி வந்தால் நம் ஆபீசுகளில் இரண்டு தேடல் ஆரம்பிக்கும். ஒன்று, காரணத்தைத் தேடுவது. இன்னொன்று, ஆளைத் தேடுவது. இரண்டாவது சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் முதலாவதை யாரும் ஆரம்பிப்பதில்லை. வீட்டம்மா கண்டுபிடித்துவிட்டார்.

"முனியம்மா அந்த மூணு நாள் முடியறதுக்குள்ளயே தொட்டிருக்கா. அதான் மொட்டு கருகிடுச்சு. துளசியே வாடிடும், இது எம்மாத்திரம்?"

அதிகாரி லண்டனில் அச்சான தோட்டக்கலைப் புத்தகங்களை அலமாரி நிறைய வைத்திருந்தவர். மனைவி சொன்னதை மறுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு விஷயம் பண்ணு. அவளுக்கு ஒரு மெமோ கொடுத்து விளக்கம் எழுதி வாங்கு. நீ ஒரு ரிப்போர்ட் கொடு. 'அன்ஹைஜீனிக் ஹேண்ட்லிங்'னு போட்டுடு. சயன்டிஃபிக்கா இருக்கும்."

தீட்டு என்ற சொல்லை ஆங்கிலத்தில் குளிப்பாட்டி எடுத்தால் அறிவியல் ஆகிவிடுகிறது. இதை நான் அன்று கற்றுக்கொண்டேன்.

இதில் என்ன போகிறது, ஒரு மெமோதானே என்று நினைக்காதீர்கள். அந்த வருடம் ஆபீசுக்கு ஒரு தோட்டக்காரர் இடம் நிரந்தரமாகியிருந்தது. பட்டியலில் முதல் பெயர் முனியம்மாவுடையது. பெரியவர் வரும்போது அதில் கையெழுத்துப் போடுவார். மெமோவும் என் அறிக்கையும் ஃபைலில் ஏறினால் அவள் பெயர் இறங்கும். அதே பெரியவர் அதே நாளில் பார்க்கப் போகும் இன்னொரு தாள், என் புரொபேஷன் பற்றி அதிகாரி எழுதும் குறிப்பு.

மெமோ ஆங்கிலத்தில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத முனியம்மாவுக்கு அதை மொழிபெயர்த்து வாசிக்கும் வேலையும் என்னுடையது. துவைக்கிற கல்லருகே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"முனியம்மா, உனக்கு மெமோ வந்திருக்கு."

"யாரு அனுப்பிச்சாங்க?"

"ஆபீசர்."

"அவரு அங்கதான குந்திக்கினு இருக்காரு. கூப்ட்டுச் சொன்னா ஆவாதா?"

வாசித்தேன். 'செடிகளில் இருந்த மொட்டுகள் யாவும் உதிர்ந்தமைக்கு உன் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு இருபத்து நான்கு மணி நேரத்தில் விளக்கம் தரவும்.'

அவள் கையிலிருந்த சாம்பலைத் தட்டினாள். "மொட்டுக்கும் ஒன்னு அனுப்பிச்சிருக்கீங்களா?"

"விளையாடாதே. அம்மா என்ன சொல்றாங்கன்னா, நீ வந்து... அந்த நாள்ல..." எனக்கு இருபத்து நாலு வயது.

"தூரமா இருக்கசொல்ல தொட்டுட்டேன்னா?" என்று அவளே முடித்தாள். "அந்த மூணு நாளு நான் கேட்டுக்குள்ளயே வர்லியே சாமி. நீங்க மூணு பேருதான தூக்கினீங்க. எங்க தொட்டது? எங்க ஊர்லருந்து கைய நீட்டியா?"

பிறகு சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொன்னு சொல்றேன், எழுதிடாதீங்க. தூரமும் இல்ல, ஒன்னும் இல்ல. ஒம்போது தொட்டி. நீங்க போட்ட ஈரச் சாணி வேற. யாரு தூக்கறது? அதான் அம்மாகிட்ட அப்படிச் சொல்லிட்டுப் போயிட்டேன். இந்த ஊட்ல அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மறுபேச்சு இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"ஆர்டரு வராதா சாமி?"

"தெரியல."

"வந்துட்டா எங்க ஊரு கவுடரு என்னய அவரு வயலுக்குக் கூப்புட முடியாது. எங்க மாமியா விடிகால நாலு மணிக்குப் போனா இருட்டுல வர்றா. என்னயும் கூப்புட்டு ஆளு அனுப்பிக்கினேதான் இருக்கறாரு. நான் சர்க்காரு ஆளுன்னு சொல்லி அஞ்சு வருசமா ஓட்டறேன். இல்லன்னு தெரிஞ்சா மறுநாளே கதவத் தட்டுவாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். நான் கை கழுவத் திரும்பினேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். சுவரோரம், தூக்க முடியாமல் விட்ட ஒன்பதாவது தொட்டி. ஒரு மொட்டுகூட உதிரவில்லை. கட்டைவிரல் தடிமனுக்குப் பருத்து, நுனியில் சிவப்புத் தெரிய நின்றன. அதற்கும் தண்ணீர் ஊற்றியவள் முனியம்மாதான். அதே வாளி, அதே கிணறு, அதே கை. அதற்கு நடக்காதது ஒன்றுதான்: நான்.

இப்படி ஒரு சாட்சி கிடைத்ததும் நான் நேராகப் போய் உண்மையை எழுதினேன் என்று நினைக்கிறீர்களா? இரண்டு நாள் எழுதவில்லை. என் மேஜை இழுப்பறையில் ஒரு வரைவு இருந்தது. அதில், "கையாளுதலில் ஏற்பட்ட கவனக்குறைவு காரணமாக மொட்டுகள் உதிர்ந்திருக்கக்கூடும்" என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். மிக அழகான வாக்கியம். அதில் ஆள் இல்லை, பொய் இல்லை, தைரியமும் இல்லை. யார் கையாண்டது என்று அதிகாரி நிரப்பிக்கொள்வார். என் கை சுத்தமாக இருக்கும். உங்களில் பலர் இந்த வாக்கியத்தை இப்போதும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால்தான் சொல்கிறேன்: அப்படி ஒரு வாக்கியத்தை எழுதும்போது அது யார் தலையில் விழும் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாத மாதிரி எழுதத்தான் அந்த நடையைப் பழகியிருக்கிறோம்.

மூன்றாம் நாள் அதைக் கிழித்தேன். வீரம் ஒன்றும் இல்லை. காலையில் பின்புறம் போகும்போதெல்லாம் அந்த ஒன்பதாவது தொட்டியைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். புதிய அறிக்கையில் மூன்று செய்தி. ஒன்று: தொட்டிகள் நகர்த்தப்பட்ட நாட்களில் முனியம்மா பணியில் இல்லை, வருகைப் பதிவேடு இணைப்பு. இரண்டு: நகர்த்தாத ஒரு தொட்டியில் மொட்டுகள் அப்படியே உள்ளன, அதற்கும் அவளே தண்ணீர் ஊற்றுகிறாள். மூன்று: மொட்டு வைத்தபின் செடிகளை இடம் மாற்றியதும் திசை மாற்றியதுமே காரணம், அதிகாரியின் வாய்மொழி உத்தரவின்படி என் வரைபடத்தை வைத்து நானே செய்தேன்.

அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"வாய்மொழி உத்தரவா? நான் எப்போ உத்தரவு போட்டேன்?"

"போர்ட்டிகோவுல நின்னு சொன்னீங்க சார். பூப் பக்கம் ரோட்டைப் பாத்து இருக்கட்டும்னு."

"அது உத்தரவு இல்லப்பா. அபிப்பிராயம்."

"அப்போ அபிப்பிராயத்தின்படின்னு மாத்திடறேன் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்குப் புரொபேஷன் எப்போ முடியுது பி.எஸ்ஸி.?"

"மே மாசம் சார்."

"ஞாபகம் வெச்சுக்கிட்டுதான் எழுதினியா?"

"ஆமா சார்."

"இந்த வரியை எடுத்துடு."

"எடுத்துடறேன் சார். எடுத்தா தப்பு முழுக்க என்னோடதுன்னு ஆயிடும். அப்புறம் முனியம்மா பேரைப் பட்டியல்லேருந்து எடுக்க ஃபைல்ல காரணம் இருக்காது. ஆடிட்டுல கேப்பாங்க."

ஆடிட் என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் தீட்டைவிடச் சக்தி அதிகம். அவர் பேனாவை எடுத்து அந்த வரியைத் தானே அடித்தார். மெமோவை எடுத்து நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "தைரியம் இருக்கு உனக்கு. புத்திதான் இல்ல" என்றார். பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயர் இருக்கிறதா போய்விட்டதா என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

பெரியவர் வந்தார். கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை எட்டுத் தொட்டிகளும், இன்னும் எங்கெங்கிருந்தோ வாங்கி வந்த இருபது தொட்டிகளும் காவி உடுத்தி நின்றன. அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. பயணத்தில் முதுகு வலி. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி மட்டும் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார். பின்னால் வீட்டம்மா, அவர் பின்னால் அதிகாரி, அவர் பின்னால் நான்.

துவைக்கிற கல்லருகே அந்த அம்மாள் நின்றுவிட்டார். விரிசல் விட்ட தொட்டி, காவி இல்லை, கோடு இல்லை. அதில் பதினோரு பூக்கள் விரிந்திருந்தன. சமையலறைச் சுவரே சிவந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் முனியம்மா ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"இதை யாரும்மா வளத்தது?"

முனியம்மா எழுந்து நின்றாள். "யாரும் வளக்கலீங்க. தூக்க முடியாம உட்டது."

"பூக்கறதுக்கு என்ன செஞ்சே?"

"ஒன்னும் செய்யலீங்க."

அந்த அம்மாள் திரும்பி எங்களைப் பார்த்தார். "இருபது வருஷமா இதை வளக்கறேன். ஒண்ணும் செய்யாம இருக்கறதுதான் இதுல கஷ்டம். எங்க தோட்டக்காரங்க யாருக்கும் அது வரல. யார் இவங்க?"

அரை நொடிகூட ஆகவில்லை. "நம்ம தோட்டத்து மாலி, மேடம்" என்றார் எங்கள் அதிகாரி. "ஆர்க்கிட்டுக்குன்னே தனியா பழக்கியிருக்கோம்." வீட்டம்மா முந்தானையைச் சரி செய்துகொண்டு, "ரொம்பக் கைராசி உள்ளவ" என்றார். ஒரு வாரத்துக்கு முன்னால் துளசியை வாட வைத்த கை.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் பட்டியலில் கையெழுத்தானது. முனியம்மா பெயர் அதில் இருந்தது. முன்பே இருந்ததா, பூவைப் பார்த்தபின் ஏறியதா என்று நான் விசாரிக்கவில்லை. என் புரொபேஷனை ஆறு மாதம் நீட்டித்தார்கள். காரணம்: 'தொழில்நுட்ப விஷயங்களில் முடிவெடுக்கும் ஆற்றல் இன்னும் வளர வேண்டும்.' ஃபைலில் இருந்த என் சொந்த அறிக்கையே அதற்கு ஆதாரம். குறை சொல்ல முடியாது. எழுதியது சரிதான்.

ஆர்டரை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கட்டைவிரல் ரேகை வைத்துவிட்டுத் தாளை வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கவுடர் வீட்டு வாசலுக்கு எடுத்துப்போய் அவர் கணக்குப்பிள்ளையை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொன்னாளாம். ஆர்டரின் கடைசி வரியில், 'ஆர்க்கிட் வகைச் செடிகளின் பராமரிப்புக்கு இவரே தனிப் பொறுப்பு' என்று இருந்தது.

அதற்கடுத்த தை மாதம். நான் அப்போது நிரந்தரமாகியிருந்தேன். பின்புறம் போனேன். ஒன்பது தொட்டிகளும் பளபளவென்று இருந்தன. மாதா மாதம் காவி. தண்டுகள் இடுப்புயரம், கரும்பச்சை. முனியம்மா புதுப் பூவாளியோடு நின்று ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். பிண்ணாக்குக் கரைசல்கூட வைத்திருந்தாள். நான் சொல்லிக் கொடுத்த அளவில். ஒரு மொட்டு இல்லை.

"முனியம்மா, போன தடவ நீ ஊத்தாம விட்டதாலதான் பூத்துது. உனக்குத் தெரியாதா?"

"தெரியுமே" என்றாள்.

"அப்புறம் ஏன் ஊத்தற?"

அவள் பூவாளியைக் கீழே வைக்கவில்லை. தலையை மட்டும் ஆபீஸ் ஜன்னல் பக்கம் அசைத்துக் காட்டினாள். கண்ணாடிக்குப் பின்னால் அதிகாரியின் வழுக்கைத் தலை தெரிந்தது.

"அங்கிருந்து பாத்துக்கினே இருக்கறாரு சாமி. நான் சும்மா நின்னா எனக்கு மெமோ வரும். நீங்க சொன்ன அளவுல ஊத்திக்கினே இருந்து பூக்காம போனா உங்களுக்குத்தான் வரும்."

சொல்லிவிட்டு அடுத்த தொட்டிக்கு நகர்ந்தாள். தண்ணீர் நிரம்பி வெள்ளைக் கோட்டின் மேல் வழிந்தது.